"அன்னைக்கே செஞ்சிருக்கணும்"னு இங்கிலீஷ்ல தப்பில்லாம சொல்றது எப்படி? முழுமையான வழிகாட்டி

நம்ம குமரி மாவட்டத்துல நர்சிங் முடிச்சிட்டு வெளிநாட்டு வேலைக்காக ஐஇஎல்டிஎஸ், ஓஇடினு இங்கிலீஷ் பரீட்சைக்கு படிக்கிற பிள்ளைங்க எவ்வளவு பேருன்னு மார்த்தாண்டம் பஸ் ஸ்டாண்டுல காலைல ஒரு அரை மணிக்கூறு நின்னா தெரிஞ்சிரும். நான் சாயங்காலம் இவங்கள மாதிரி பிள்ளைங்களுக்கு இங்கிலீஷ் சொல்லிக்குடுக்கிறவன். ஊரப்பத்தி, வீட்டப்பத்தி, வேலையப்பத்தி கேட்டா கொள்ளாம், நல்லாவே பேசுவாங்க. ஆனா "நீங்க எடுத்த ஒரு முடிவ நெனச்சு வருத்தப்பட்டது உண்டா"னு கேட்டா மட்டும் அப்படியே நின்னுரும், இல்லேன்னா "இஃப் ஐ வில் ஸ்டடி வெல் தட் டைம், ஐ வில் கெட் குட் ஜாப்"னு வரும். கேக்குறவருக்கு இது நடந்து முடிஞ்ச கதையா இனிமே நடக்கப்போறதான்னே புரியாது.

அறிவு இல்லாததால இது வரல. ஸ்கூல்ல மூணாவது கண்டிஷனல், பாஸ்ட் பெர்ஃபெக்ட்னு பேரு வச்சு ஃபார்முலாவா குடுத்துட்டாங்க, அதுக்கும் நாம வீட்டுல பேசுற பேச்சுக்கும் என்ன சம்பந்தம்னு யாரும் சொல்லல. சம்பந்தம் இருக்கு, ரொம்பவே இருக்கு. "வந்திருந்தா பாத்திருப்பேன்"னு நாம சொல்லும்போது ரெண்டு பக்கமும் ஒரு "இரு" ஒளிஞ்சிருக்கு பாத்தீங்களா, இங்கிலீஷ்ல "ஹேட்", "ஹேவ்" ரெண்டும் செய்ற வேலை அதேதான். அந்த "இரு"வ காதுல புடிக்க தெரிஞ்சா பாதி வேலை முடிஞ்சுது.

படி 1: விஷ்ஷா ஹோப்பான்னு மொதல்ல முடிவு பண்ணுங்க

நடக்கல, இனி மாத்த முடியாது, அது உங்களுக்கே தெரியும் அப்படின்னா விஷ். என்ன ஆச்சுன்னு இன்னும் தெரியல, நல்லதா இருக்கட்டும்னு நெனைக்கிறீங்க அப்படின்னா ஹோப். அவ்வளவுதான் வித்தியாசம், ஆனா இதுல தப்பு பண்ணா அர்த்தமே தலைகீழா போயிரும்.

அக்கா திருவனந்தபுரம் ஏர்போர்ட்டுக்கு கெளம்பிட்டா, போய் சேந்தாளான்னு தகவல் இல்ல. அப்ப நீங்க சொல்ல வேண்டியது, "ஐ ஹோப் யூ ரீச்ட் ஆன் டைம்." ஹோப் வருங்காலத்துக்கு மட்டும்தான்னு நிறைய பேரு நெனைச்சிட்டிருக்காங்க, இல்ல, முடிஞ்ச விஷயமா இருந்தாலும் முடிவு நமக்கு தெரியலேன்னா ஹோப்தான். அதே எடத்துல "ஐ விஷ் யூ ஹேட் ரீச்ட் ஆன் டைம்"னு மெசேஜ் போட்டா, நீ லேட்டா போய் ஃப்ளைட்ட விட்டுட்டியேன்னு வருத்தப்படுற மாதிரி ஆயிரும். விஷ்னு ஆரம்பிச்சாலே அதுக்கு எதிரானதுதான் நடந்திருக்குன்னு இங்கிலீஷ்காரங்க காதுக்கு கேக்கும்.

படி 2: தமிழ் வினைய அப்படியே பிரிச்சு வைங்க

போறதுங்குற ஒரே வினைய எடுத்துக்குவோம்.

போயிருந்தா = இஃப் ஐ ஹேட் கான்
போயிருப்பேன் = ஐ வுட் ஹேவ் கான்
போயிருக்கலாம் = ஐ குட் ஹேவ் கான்
போயிருக்கணும் = ஐ ஷுட் ஹேவ் கான்

இத மனப்பாடம் பண்ண வேண்டாம், வாய்விட்டு ஒரு நாலு தடவ சொல்லிப்பாருங்க. "இருந்தா" வந்தா ஹேட், "இருப்பேன்" வந்தா வுட் ஹேவ், "லாம்" வந்தா குட் ஹேவ், "கணும்" வந்தா ஷுட் ஹேவ்.

ஆனா இங்க மூணு குழி இருக்கு, மூணுலயும் நம்ம பிள்ளைங்க விழுவாங்க, அதனால கொஞ்சம் நின்னு சொல்றேன்.

மொத குழி "இருப்பான்". "நீ கூப்பிட்டிருந்தா அவன் வந்திருப்பான்"னா வுட் ஹேவ் கம், சரி. ஆனா "அவன் இன்னேரம் வீட்டுக்கு போயிருப்பான்"னு சொன்னா அது வருத்தமே இல்ல, ஒரு ஊகம். அதுக்கு "ஹி மஸ்ட் ஹேவ் கான் ஹோம் பை நவ்"னு போடணும். தமிழ்ல ரெண்டுக்கும் ஒரே உருவம், இங்கிலீஷ்ல ரெண்டு வேற. பக்கத்துல ஒரு "இருந்தா" இருக்கா, இல்ல இருக்குற மாதிரி மனசுக்குள்ள கேக்குதான்னு பாருங்க. கேட்டா வுட் ஹேவ்.

ரெண்டாவது குழி "இருக்கணும்". ஸ்கூல்ல "கணும்"னா மஸ்ட்னு படிச்சதால "நான் படிச்சிருக்கணும்"னு சொல்ல "ஐ மஸ்ட் ஹேவ் ஸ்டடீட்"னு சொல்லிருவாங்க. அதுக்கு அர்த்தம் "நான் படிச்சிருப்பேன் போல, சரியா ஓர்மை இல்ல"ங்குறது! வருத்தம்னா ஷுட் ஹேவ் மட்டும்தான். ஆட் டு ஹேவ்னும் சொல்லலாம், அதே அர்த்தம், ஆனா பேச்சுல ஷுட் ஹேவ்தான் அதிகம் ஓடுது. வேற வழியில்லாம செய்ய வேண்டியதா போச்சுன்னா ஹேட் டு. "ஐ ஹேட் டு செல் த லேண்ட்", நிலத்த விக்க வேண்டியதாயிருச்சு.

மூணாவது "இருக்கலாம்". இது மூணு வேஷம் போடும். முடிஞ்சிருக்கும் ஆனா செய்யலங்குறது குட் ஹேவ். "ஒருவேள அவரு போயிருக்கலாம், தெரியல"ங்குறது மைட் ஹேவ். இன்னொண்ணு ஏக்கம்: "பாட்டிகிட்ட இன்னும் கொஞ்சம் நேரம் பேசிட்டு இருந்திருக்கலாம்." இத குட் ஹேவ் போட்டு சொன்னா வெறும் தகவலா நிக்கும், மனசு அதுல வராது. இதுக்கு "ஐ விஷ் ஐ ஹேட் டாக்ட் டு மை கிராண்ட்மதர் மோர்"னு சொன்னாதான் சரியா இருக்கும்.

படி 3: வினையோட மூணாவது உருவம்

ஹேட், ஹேவ் ரெண்டுக்கும் பின்னால மூணாவது உருவம்தான் வரும், ரெண்டாவது வராது. "ஐ விஷ் ஐ ஹேட் வென்ட்" தப்பு, "ஹேட் கான்"தான். கோ வென்ட் கான், ஸீ சா ஸீன், டேக் டுக் டேக்கன், டூ டிட் டன், நோ நியூ நோன், ஸ்பீக் ஸ்போக் ஸ்போக்கன், சூஸ் சோஸ் சோஸன், கம் கேம் கம். வருத்தத்துல அடிக்கடி வர்ற வினைங்க இவ்வளவுதான், மொத்த லிஸ்டையும் உக்காந்து உருப்போட வேண்டிய அவசியமே இல்ல.

ஒண்ணு மட்டும் பாக்க விசித்திரமா இருக்கும்: "ஐ விஷ் ஐ ஹேட் ஹேட் மோர் டைம்." ரெண்டு ஹேட் வருதேன்னு பயந்து ஒண்ண எடுத்துராதீங்க. மொதல்ல வர்றது நம்ம "இரு", ரெண்டாவது வர்றதுதான் உண்மையான வினை. ஒண்ண எடுத்துட்டா "இப்ப எனக்கு நேரம் இருந்தா நல்லாருக்கும்"னு அர்த்தம் இன்னைக்கு வந்து நிக்கும்.

படி 4: விஷ், இஃப் ஒன்லி

விஷ்ல காலம் ஒரு படி பின்னால போகும், அதுதான் அடிப்படை. இன்னைக்கு ஏக்கத்துக்கு பாஸ்ட் டென்ஸ், நேத்தைய ஏக்கத்துக்கு பாஸ்ட் பெர்ஃபெக்ட், அதாவது ஹேட் கூட மூணாவது உருவம்.

"ஐ விஷ் ஐ நியூ ஜெர்மன்." இப்ப தெரியல, தெரிஞ்சா நல்லாருக்கும்.
"ஐ விஷ் ஐ ஹேட் லேர்ன்ட் ஜெர்மன் இன் காலேஜ்." அப்பவே படிச்சிருக்கலாம்.

செஞ்சிருக்கக் கூடாதுன்னா ஹேடன்ட். "ஐ விஷ் ஐ ஹேடன்ட் சைன்ட் தட் பேப்பர்", அந்த பேப்பர்ல கையெழுத்து போட்டிருக்கக் கூடாது. அடுத்தவங்க மேல உள்ள குறையையும் விஷ்ல சொல்லலாம்: "ஐ விஷ் யூ ஹேட் டோல்ட் மீ." நீ எங்கிட்ட சொல்லியிருக்கலாம்லா. ஆசை இருந்தும் முடியாம போனதுக்கு "ஐ விஷ் ஐ குட் ஹேவ் கம் டு யுவர் வெட்டிங்." கல்யாணத்துக்கு வர முடியாதவங்க அனுப்ப இதவிட நல்ல சென்டன்ஸ் எனக்கு தெரியாது, கல்ஃப்ல இருக்குறவங்க குறிச்சு வச்சுக்கிடுங்க.

இங்க ரொம்ப பேரு பண்ற தப்பு "ஐ விஷ் ஐ வுட் ஹேவ் கான்." அமெரிக்காகாரங்க சில பேரு பேச்சுல சொல்வாங்க, யூடியூப்ல கேட்டிருப்பீங்க, ஆனா பரீட்சையில இது தப்புதான், எழுதாதீங்க. விஷ்க்கு பின்னால வுட் வர்றது வேற விஷயத்துக்கு. "ஐ விஷ் தே வுட் ரிப்பேர் திஸ் ரோட்", இந்த ரோட்ட போட்டுத் தொலைய மாட்டாங்களான்னு இப்ப வர்ற எரிச்சல். நேத்தைய வருத்தத்துக்கும் அதுக்கும் ஒட்டே கிடையாது.

இஃப் ஒன்லி அப்படியே விஷ்ஷோட இலக்கணம்தான், ஆனா வலி கூட. எதுக்கெடுத்தாலும் போடாதீங்க. 2017 நவம்பர் 30 ஓக்கி புயலுக்கு அப்புறம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைனு நம்ம கடற்கரை ஊருங்கள்ல எத்தனையோ வீடுகள்ல இன்னைக்கும் சொல்ற சொல்லு ஒண்ணு உண்டு, நேரத்துக்கு தகவல் கெடச்சிருந்தா திரும்பி வந்திருப்பாங்களேன்னு. அத இங்கிலீஷ்ல சொல்லணும்னா "இஃப் ஒன்லி த வார்னிங் ஹேட் ரீச்ட் தெம் இன் டைம்." இதுக்கு மேல அந்த வாக்கியத்த முடிக்கக்கூட வேண்டாம், இஃப் ஒன்லிய அப்படி பாதியில நிறுத்தலாம், இலக்கணப்படி அது முழு வாக்கியம்தான். திருப்பி ஒன்லி இஃப்னு சொல்லிராதீங்க, அது "இப்படி இருந்தா மட்டும்தான்"னு நிபந்தனை.

படி 5: இஃப் போட்டு ரெண்டு பாதியா சொல்றது

"அஞ்சு நிமிஷம் முந்தி வந்திருந்தா பஸ்ஸ புடிச்சிருப்பேன்." இதுல இருந்தா ஒரு பாதி, இருப்பேன் ஒரு பாதி.

"இஃப் ஐ ஹேட் கம் ஃபைவ் மினிட்ஸ் எர்லியர், ஐ வுட் ஹேவ் காட் த பஸ்." இங்க காட்ங்குறது கேட்ச்சோட மூணாவது உருவம்.

இஃப் இருக்குற பாதியில வுட் வரக்கூடாது. "இஃப் ஐ வுட் ஹேவ் கம்"னு சொல்றத இன்னைக்கே நிறுத்திருங்க. தமிழ்ல "வந்திருப்பேன்னா பஸ்ஸ புடிச்சிருப்பேன்"னு யாரும் சொல்ல மாட்டோம்லா, அதே மாதிரிதான். பாதிங்கள மாத்தியும் போடலாம், "ஐ வுட் ஹேவ் காட் த பஸ் இஃப் ஐ ஹேட் கம் எர்லியர்", அப்ப நடுவுல கமா வேண்டாம். இஃப் முன்னால வந்தா கமா போடுங்க.

பழகுறதுக்கு நம்ம ஊரு சரித்திரத்தவிட நல்ல சரக்கு கெடையாது, நடந்தது என்னன்னு எல்லாருக்கும் தெரியும், நடக்காதத கற்பனை பண்ணா போதும். 1741ல கொளச்சல்ல மார்த்தாண்ட வர்மா படை டச்சுக்காரங்கள தோற்கடிச்சுது. அதுல புடிபட்ட டச்சு அதிகாரி டி லனாய்தான் பின்னால திருவிதாங்கூர் படைக்கு பயிற்சி குடுத்தாரு, அவரு கல்லறை இன்னைக்கும் உதயகிரி கோட்டைக்குள்ள இருக்கு. இத வச்சு:

"இஃப் த டச் ஹேட் வன் அட் கொளச்சல், டி லனாய் வுட் நாட் ஹேவ் ட்ரெய்ன்ட் த திருவிதாங்கூர் ஆர்மி."

டச்சுக்காரங்க ஜெயிச்சிருந்தா அவரு இந்த படைக்கு பயிற்சி குடுத்திருக்க மாட்டாரு. இதுல எனக்கு புடிச்சது என்னன்னா, இஃப் பாதியில நாட் இல்ல, ஆனா நடந்தது தோல்வி, அடுத்த பாதியில நாட் இருக்கு, ஆனா நடந்தது பயிற்சி. வாக்கியத்துல என்ன இருக்கோ அதுக்கு நேர் எதிரானது உண்மை. சந்தேகம் வந்தா இத வச்சு செக் பண்ணுங்க.

இனி கலப்பு. காரணம் அன்னைக்கு, பலன் இன்னைக்கு வரைக்கும் ஓடுதுன்னா ரெண்டாவது பாதியில ஹேவ் வேண்டாம், வெறும் வுட் போதும். 1956 நவம்பர் 1ஆம் தேதி அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு நாலு தாலுகாவும் திருவிதாங்கூர்-கொச்சியில இருந்து பிரிஞ்சு தமிழ்நாட்டோட சேந்துது, மார்ஷல் நேசமணியும் அவரு கூட நின்னவங்களும் வருஷக்கணக்கா போராடினதோட பலன் அது.

"இஃப் கன்னியாகுமரி ஹேட் நாட் ஜாய்ண்ட் தமிழ்நாடு இன் 1956, வீ வுட் பீ இன் கேரளா நவ்."

சேந்திருக்கலேன்னா இப்ப கேரளாவுல இருப்போம். தமிழ்லயும் பாருங்க, "இருந்திருப்போம்"னு வரல, "இருப்போம்"னுதான் வருது. இங்கிலீஷும் அதையேதான் செய்யுது. பேசுறப்ப இப்படி ஒரு கலப்பு வாக்கியம் சரியா வந்து விழுந்தா, கேக்குற எக்ஸாமினருக்கு இவங்களுக்கு காலம் மேல புடி இருக்குன்னு ஒடனே தெரியும்.

இஃப்ப தூக்கிட்டு ஹேட முன்னால கொண்டு வர்றதும் உண்டு. "ஹேட் ஐ நோன், ஐ வுட் ஹேவ் ஹெல்ப்ட்." தெரிஞ்சிருந்தா உதவியிருப்பேன். லெட்டர், ரிப்போர்ட்ல எழுத கொள்ளாம். கூட்டுகாரங்ககிட்ட சாயா குடிச்சிட்டு பேசும்போது இது வேண்டாம், விறைப்பா இருக்கும்.

அப்புறம் காதுக்கு ஒரு விஷயம். வேகமா பேசும்போது ஐ ஹேட், ஐ வுட் ரெண்டுமே "ஐட்"னு சுருங்கும். பின்னால மூணாவது உருவம் வந்தா அது ஹேட், பின்னால ஹேவ் வந்தா அது வுட். அதே மாதிரி ஷுட் ஹேவ் "ஷுடவ்"னும் வுட் ஹேவ் "வுடவ்"னும் கேக்கும், அத கேட்டுட்டு எழுதும்போது ஹேவ்க்கு பதிலா ஆஃப்னு எழுதுறவங்க இங்கிலாந்துலயே இருக்காங்க. நீங்க எழுதாதீங்க.

படி 6: யாருகிட்ட எத சொல்லணும்

இலக்கணம் சரியா இருந்தும் மேனேஜர் மூஞ்சி சுருங்குறது இங்கதான். "யூ ஷுட் ஹேவ் இன்ஃபார்ம்ட் மீ" திட்டுற மாதிரி விழும். பெரியவங்க, டாக்டர், சூப்பர்வைசர்கிட்ட "ஐ விஷ் ஐ ஹேட் பீன் இன்ஃபார்ம்ட் எர்லியர்"னு சொல்லிப்பாருங்க, அதே குறைதான், ஆனா ஆளு மேல கை நீட்டல. "யூ மைட் ஹேவ் டோல்ட் மீ"னு சொன்னாலும் குத்தம் சொல்றதுதான். வெளிநாட்டுல வேலைக்கு போறவங்களுக்கு இந்த வித்தியாசம் கண்டிப்பா தெரிஞ்சிருக்கணும், வார்டுல ஒரு வார்த்தைல சண்டை வந்துரும்.

நீட்ன்ட் ஹேவ்னு ஒண்ணு இருக்கு. தேவையில்லாம செஞ்சாச்சு, வீணாப்போச்சு. தோவாளைல போய் மூணு கிலோ பிச்சிப்பூ வாங்கிட்டு வந்துட்டாரு, வீட்டுல ஏற்கனவே பூ இருக்கு: "யூ நீட்ன்ட் ஹேவ் பாட் ஸோ மெனி ஃப்ளவர்ஸ்." வாங்கியிருக்க வேண்டாம், ஆனா வாங்கிட்டாரு. "ஹி டிடன்ட் நீட் டு பை"னு சொன்னா தேவைப்படலங்குறது மட்டும்தான் தெரியும், வாங்கினாரா இல்லையான்னு அது சொல்லாது.

படி 7: ரிக்ரெட்

ரிக்ரெட்டுக்கு பின்னால இங் வந்தா நடந்ததுக்கு வருத்தம்: "ஐ ரிக்ரெட் லீவிங் மை ஜாப்." செய்யாததுக்கு வருத்தம்னா நாட் நடுவுல: "ஐ ரிக்ரெட் நாட் டேக்கிங் தட் ஆஃபர்." டு வந்தா அது கெட்ட சேதி சொல்ற ஆபீஸ் பாஷை, "வீ ரிக்ரெட் டு இன்ஃபார்ம் யூ". "ஐ ரிக்ரெட் டு லீவ் மை ஜாப்"னு சொன்னா, வேலைய விட்டதுக்கு வருத்தம்னு கேக்குறவங்க எடுத்துக்க மாட்டாங்க. எழுதும்போது ரிக்ரெட்டட்ல டி ரெண்டு தடவ வரும். இவ்வளவு தெரிஞ்சா போதும்.

படி 8: பேசிப் பழகுறது

ஐஇஎல்டிஎஸ் ஸ்பீக்கிங்ல ரெண்டாவது பகுதியில கார்டு குடுத்து ஒரு நிமிஷம் யோசிக்க விடுவாங்க, அப்புறம் ஒண்ணுல இருந்து ரெண்டு நிமிஷம் பேசணும். மார்க்கு போடுற நாலு விஷயத்துல ஒண்ணு கிராமர், அதுல எத்தனை விதமான வாக்கியம் வருதுங்குறதும் கணக்கு. ஒரே ஒரு சம்பவத்த எடுத்துக்கிட்டு இதுவரை சொன்னத எல்லாம் அதுக்குள்ள ஓட விடுங்க. உதாரணத்துக்கு குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டுறவரு வீட்டுப் பொண்ணு ஒருத்தி, சென்னையில கெடச்ச வேலைய விட்டுட்டு ஊருலயே இருந்துட்டான்னு வச்சுக்குவோம்:

"ஐ காட் எ ஜாப் இன் சென்னை, பட் ஐ டிடன்ட் டேக் இட். ஐ விஷ் ஐ ஹேட் ஆஸ்க்ட் மை டீச்சர் ஃபர்ஸ்ட். ஐ ஷுட் ஹேவ் தாட் அபவுட் இட் ஃபார் எ வீக். இஃப் ஐ ஹேட் கான், ஐ வுட் ஹேவ் கெய்ன்ட் டூ இயர்ஸ் ஆஃப் எக்ஸ்பீரியன்ஸ், அண்ட் ஐ வுட் பீ இன் எ பெட்டர் பொசிஷன் நவ். பட் ஐ டோன்ட் ரிக்ரெட் ஸ்டேயிங் வித் மை மதர்."

கடைசி வாக்கியத்த கவனிச்சீங்களா, எல்லாத்துக்கும் வருத்தப்படுற மாதிரி பேசினா மனப்பாடம் பண்ணி ஒப்பிக்கிறாங்கன்னு தெரிஞ்சிரும், ஒண்ணுக்கு வருத்தமில்லன்னு சொன்னா அது மனுஷன் பேசுற பேச்சா இருக்கும். மொத வாக்கியம் சாதா பாஸ்ட் டென்ஸ்ல இருக்குறதயும் பாருங்க. நடந்தத மொதல்ல சொல்லிட்டுதான் நடக்காததுக்கு போகணும், இல்லேன்னா கேக்குறவங்களுக்கு தலையும் தெரியாது வாலும் தெரியாது.

போன்ல ரெக்கார்ட் பண்ணி கேளுங்க. நிறைய பேருக்கு ஹேவ் வாய்க்குள்ளயே போயிருது, "ஐ ஷுட் கான்"னு விழுது, பேசுறவங்களுக்கே அது தெரியறதில்ல.

இப்ப கீழ உள்ள நாலயும் முதல்ல நீங்களா சொல்லிப்பாருங்க, அப்புறம் விடைய பாருங்க: குடை எடுத்துட்டு வந்திருக்கணும். நீ சொன்னத கேட்டிருந்தா இப்ப இந்த கடன் இருக்காது. அவன்கிட்ட அப்படி பேசியிருக்கக் கூடாது. அவரு இன்னேரம் குழித்துறை தாண்டியிருப்பாரு.

மொதலாவது "ஐ ஷுட் ஹேவ் ப்ராட் அன் அம்ப்ரெல்லா." ரெண்டாவது கலப்பு, "இஃப் ஐ ஹேட் லிஸன்ட் டு யூ, ஐ வுடன்ட் ஹேவ் திஸ் லோன் நவ்", இங்க வர்ற ஹேவ் நம்ம "இரு" இல்ல, கடன் இருக்குறதுங்குற உண்மையான வினை. மூணாவதுக்கு "ஐ ஷுடன்ட் ஹேவ் ஸ்போக்கன் டு ஹிம் லைக் தட்"னும் சொல்லலாம், "ஐ விஷ் ஐ ஹேடன்ட்"னு ஆரம்பிச்சும் சொல்லலாம், "ஐ ரிக்ரெட் ஸ்பீக்கிங்"னு போட்டாலும் சரி. நாலாவதுல வுட் ஹேவ் போட்டவங்க படி 2ல மொத குழிய இன்னொரு தடவ படிங்க, அது ஊகம், "ஹி மஸ்ட் ஹேவ் க்ராஸ்ட் குழித்துறை பை நவ்."